மாத்தி அமுக்கணும்

பை மேலே போய்விட்டது. பைக்குச் சொந்தக்காரர் கீழே நின்றுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பல் டாக்டர் அப்போதுதான் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி, கண்ணை மூடி, "அப்பாடா" என்பதில் "அப்" வரைக்கும் வந்திருந்தார். வாசல் மணி அடித்தது.

"செக்ரட்டரி சார் இருக்காரா?"

இரண்டாம் மாடி டியூஷன் டீச்சரின் குரல்.

"இருக்கார், இருக்கார். எங்க போயிடப் போறார்?" என்றாள் டாக்டரின் மனைவி.

டாக்டர் எழுந்து வந்தார். டீச்சரின் ஒரு கையில் தண்ணீர் கேன் இருந்தது. இன்னொரு கை, எதையோ பிடித்திருந்த ஞாபகத்தில் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"என் பை லிஃப்டுல போயிடுச்சு சார்."

"எங்க போச்சு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் உங்ககிட்ட வர்றேன்? கூரியர்காரர் ஒருத்தர் உள்ள நின்னாரு. நான் பையை உள்ள வெச்சுட்டு, கேனை எடுக்கக் குனிஞ்சேன். அவரு பாவம், நல்ல மனுஷன். எனக்காகக் கதவைத் திறந்து வெக்கணும்னு 'திற'ங்கற பட்டனை அமுக்கிட்டாரு."

"அடடா."

"மூடிக்கிச்சு."

வேறொரு கட்டிடத்தில் இதைச் சொன்னால் டீச்சருக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்திருப்பார்கள். இந்தக் கட்டிடத்தில் விளக்கமே தேவையில்லை. இங்கே லிஃப்டில் 'திற' என்ற பட்டனை அமுக்கினால் கதவு மூடும். 'மூடு' என்ற பட்டனை அமுக்கினால் திறக்கும். லிஃப்டை மாட்டிய புண்ணியவான் உள்ளே வயரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கம்பெனியிலிருந்து சரிசெய்ய ஆள் வந்து சேர்வதற்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது. "இப்ப எதுக்குங்க அதைப் போய் நோண்டிக்கிட்டு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து, வருகிறவர் எவராக இருந்தாலும் கேட்டிலேயே வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழாமல் பாடம் சொல்லிவிடுவார்: "லிஃப்டுல மாத்தி அமுக்கணும்." இன்றைக்கு அவர் சாப்பிடப் போயிருந்தார் போலிருக்கிறது.

டாக்டர் பெருமூச்சு விட்டார். அவர் குடியிருப்பது முதல் மாடி. லிஃப்டில் ஏறுவதே இல்லை, படியில்தான் போய்வருவார். ஆனாலும் லிஃப்டின் பாவமெல்லாம் அவர் தலையில்தான் விடிந்தது. காரணம், அவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அந்தப் பதவி வந்த கதையும் சின்னதுதான். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட்சேபித்தார்கள். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவர். அவரையே போட்டுவிட்டார்கள்.

ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவருக்குத் தன் வாயைத் திறப்பதில் அப்படி ஒரு சோம்பல். அவர் பல் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்ததே, நோயாளிகளின் வாயில் பஞ்சை வைத்துவிட்டால் அவர்களால் பேச முடியாது என்பதால்தான் என்று மனைவி சொல்வாள். அது முழுப் பொய்யும் இல்லை. வேலை முடிந்த பிறகும் சில சமயம் பஞ்சை எடுக்காமல், ஜன்னல் வழியே தெரு மரத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். நோயாளியும் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அவருடைய நாளில் மிக நல்ல நேரம் அதுதான்.

இருவரும் கீழே இறங்கி லிஃப்ட் வாசலில் காத்திருந்தார்கள். மேலே போன லிஃப்ட் ஒருவழியாகக் கீழே வந்தது. கதவு திறந்தது. உள்ளே பை பத்திரமாக இருந்தது. பக்கத்தில் ஐந்தாம் மாடிக்காரர் நின்றிருந்தார்.

அவர் பையைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்க்கவில்லை. டாக்டரைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"பாத்தீங்களா சார்? 'இது உங்க பையா'ன்னு ஒரு வார்த்தை! கதவடைச்சான், கதவடைச்சான்தான்."

'கதவடைச்சான்' என்பது வக்கீல் வைத்த பெயர். ஐந்தாம் மாடிக்காரர் குடிவந்த புதிதில் வக்கீல் முகத்துக்கு நேராக லிஃப்ட் கதவை மூடினார். பிறகு டீச்சர் முகத்துக்கு நேராக. பிறகு டாக்டரின் மனைவி பூந்தொட்டியோடு ஓடிவந்தபோது, அவள் "இருங்க, இருங்க" என்று கத்தக் கத்த மூடினார். செடியின் இலைகள் உள்ளே போயின, செடி வெளியே நின்றது. அதோடு சரி. கட்டிடத்தில் ஒருவரும் அவரிடம் பேசுவதில்லை. அவர் வீட்டு மணியை யாரும் அடிப்பதில்லை. தண்ணீர் வரவில்லை என்றாலும் சரி, வந்து வழிந்தாலும் சரி, அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

கொடுத்து வைத்த ஆள் என்று டாக்டர் மனதுக்குள் நினைத்துக்கொள்வார். வெளியே சொன்னதில்லை.

"இன்னும் எத்தனை நாளைக்கு சார் இந்தக் கூத்து? ஏதாவது பண்ணுங்க. நீங்க செக்ரட்டரிதானே?" என்றார் டீச்சர்.

அந்தக் கேள்விக்கு மறுப்புச் சொல்லத்தான் டாக்டர் இத்தனை நாளாகக் காத்திருக்கிறார். ஆண்டுக் கூட்டம் அடுத்த மாதம் வருகிறது. அதில் வேறொருவர் தலையில் இந்தக் கிரீடத்தை இறக்கிவிட்டால், பிறகு அவரும் சாய்வு நாற்காலியும்தான். ஆனால் லிஃப்ட் இந்த நிலையில் இருக்கும்வரை எந்த மடையனும் பதவிக்கு வரமாட்டான்.

"இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா?" என்றாள் மனைவி. "ரெண்டு ஸ்டிக்கர் வெட்டி எழுத்தை மாத்தி ஒட்டுங்க. 'திற' இருக்குற எடத்துல 'மூடு', 'மூடு' இருக்குற எடத்துல 'திற'. நாலே நாலு எழுத்து."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. கிளினிக்கில் மருந்துப் புட்டியில் ஒட்டுகிற வெள்ளை ஸ்டிக்கரில் டாக்டரே அழகாக எழுதி ஒட்டினார். அமுக்கிப் பார்த்தார். 'திற' என்றால் திறந்தது. 'மூடு' என்றால் மூடியது. இத்தனை எளிதான காரியமா என்று அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை அவர் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. மூன்றாம் மாடி வக்கீல். கறுப்புக் கோட்டில் சுண்ணாம்பு.

"யாரைக் கேட்டு ஒட்டுனீங்க டாக்டர்?"

டாக்டர் வாயில் நுரையோடு, "சரியாத்தானே இருக்கு?" என்றார்.

"சரியா இருக்கறதுதான் இப்ப பிரச்சினையே! நான் 'மூடு'ன்னு படிப்பேன். மனசுக்குள்ள அதைத் 'திற'ன்னு மாத்திக்குவேன். அமுக்குவேன். இத்தனை வருஷமா அப்படித்தான். இன்னிக்கும் படிச்சேன், மாத்திக்கிட்டேன், அமுக்கினேன். மூடித் தொலைச்சிருச்சு. பாதி நான் உள்ள, பாதி வெளிய. பிச்சுக்கிட்டு வந்து சுவர்ல மோதினேன். கோர்ட்டுல போய் இதை என்னன்னு சொல்றது?"

படியில் இறங்கிவந்த டீச்சர் நின்றார்.

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே சார். நான் எழுத்தைப் பாக்கறதே இல்ல. வலது பக்கம் அமுக்கினா திறக்கும். என் கைக்கு அது தெரியும்."

"கைக்குத் தெரியுமா? படிச்ச டீச்சர் பேசற பேச்சா இது?"

"நீங்க படிச்சுட்டு என்னத்தைக் கண்டீங்க சார்? கோட்டுல சுண்ணாம்புதான் ஒட்டியிருக்கு."

அன்றுதான் டாக்டருக்கு ஒரு விஷயம் விளங்கியது. ஒரே கட்டிடத்தில் இத்தனை காலமும் இரண்டு ஜாதி மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். எழுத்தைப் படித்து அதற்கு நேர்மாறாகச் செய்கிறவர்கள் ஒரு பக்கம். எழுத்தையே பார்க்காமல் கை போன போக்கில் அமுக்குகிறவர்கள் இன்னொரு பக்கம். ஸ்டிக்கர் ஒட்டும்வரைக்கும் அவர்கள் வேறு வேறு என்பது அவர்களுக்கே தெரியாது.

எழுத்துக் கட்சியின் தொல்லை தாங்காமல், டாக்டர் லிஃப்டுக்குள் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: 'இனி மாற்றி அமுக்க வேண்டாம்.'

அது வினையாகப் போயிற்று. சாயங்காலம் டீச்சர் வந்தார்.

"சார், ஒரு சந்தேகம். இனி மாத்தி அமுக்க வேண்டாம்னு போட்டிருக்கீங்க. நான் எப்பவும் வலது பக்கத்தைத்தான் அமுக்குவேன். அது மாத்தி அமுக்கறதா, மாத்தாம அமுக்கறதா?"

"நீங்க எப்பவும்போல அமுக்குங்கம்மா."

"எப்பவும்போலன்னா மாத்தித்தானே?"

டாக்டர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்கும் வலது எது, இடது எது என்று சந்தேகம் வந்துவிட்டது. அன்றுவரை கை பார்த்துவந்த வேலையில் டீச்சரின் மூளை தலையிட்டது. அதன்பிறகு டீச்சராலும் ஒழுங்காக அமுக்க முடியவில்லை. லிஃப்டுக்குள் நின்று, விரலைத் தூக்கி, இரண்டு பட்டனுக்கும் நடுவே மந்திரம் போடுவதுபோல் ஆட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் டாக்டர் கிளினிக்கிலிருந்து திரும்பியபோது வாட்ச்மேன் உட்கார்ந்தபடியே வணக்கம் வைத்தார்.

"லிஃப்ட் மெக்கானிக் வந்துட்டுப் போனாரு சார். வயரை மாத்திக் கொடுத்துட்டாரு. இனிமே எல்லாம் கரெக்டா இருக்கும்னாரு."

"யாரு வரச் சொன்னது?"

"வக்கீல் சார்."

டாக்டர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். உடனே மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

"எழுத்தைப் பாத்தீங்களா?"

"எதுக்கு சார் எழுத்தைப் பாக்கணும்? எனக்கு வயரைப் பாத்தா போதாதா? உள்ள எது எதுக்குப் போகணுமோ அதுக்கு அது போகுது. வேலை பக்கா."

வேலை பக்காதான். உள்ளே வயர் சரியாகிவிட்டது. வெளியே டாக்டர் ஒட்டிய ஸ்டிக்கரால் எழுத்து மாறியிருந்தது. ஆக, 'திற' என்றால் மறுபடியும் மூடியது. போதாக்குறைக்கு இப்போது வலதும் இடதும் வேறு இடம் மாறிவிட்டன. அறிவிப்பைப் படித்து அதன்படி நடந்த யோக்கியர்களுக்கு மூக்கு இடித்தது. கைப்பழக்கத்தை நம்பியவர்களுக்கும் இடித்தது. யார் பேச்சையும் கேட்காமல் பழையபடி மாற்றி அமுக்கிய வக்கீலுக்கு மட்டும் கதவு அழகாகத் திறந்தது.

"பாத்தீங்களா? எனக்குச் சரியா வருது. உங்களுக்கெல்லாம் அமுக்கத் தெரியல," என்று அவர் எல்லா மாடிகளிலும் சொல்லிக்கொண்டு போனார்.

குழாய் ரிப்பேர்காரர் ஏணியோடு வந்தார். ஏணி மட்டும் நான்காம் மாடிக்குப் போய் வந்தது.

அன்று டாக்டர் ஸ்டிக்கர்களைப் பிய்த்து எறிந்தார். அறிவிப்பையும் கிழித்தார். உள்ளே நின்று நிதானமாக அமுக்கிப் பார்த்தார். 'திற' திறந்தது. 'மூடு' மூடியது. எழுத்தும் சரி, வயரும் சரி. அந்தக் கட்டிடம் எழும்பிய நாளிலிருந்து முதல்முறையாக லிஃப்ட் முழுசாகச் சரியாக இருந்தது.

இப்போது எல்லோருக்கும் தப்பாகப் போனது.

எழுத்துக் கட்சி மாற்றிப் படித்து மூடியது. கைக் கட்சி வலது பக்கம் அமுக்கி மூடியது. கூரியர்காரர்கள், விருந்தாளிகள், விலாசம் தவறி வந்தவர்கள் மட்டும் எந்தச் சிரமமும் இல்லாமல் போய்வந்துகொண்டிருந்தார்கள். வக்கீல், டீச்சருக்காகக் கதவைத் திறந்து வைக்கப்போய் அவர் நெற்றியில் மூடினார். டீச்சர் அதற்கு மறுநாள் வக்கீலின் விரலில் மூடினார்.

"வேணும்னே பண்ணீங்க."

"சத்தியமா திறக்கத்தான் சார் அமுக்கினேன்."

"நானும் நேத்து அதைத்தான் சொன்னேன். நீங்க நம்புனீங்களா?"

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ஒவ்வொரு புகாராக டாக்டர் வீட்டு வாசலுக்கு வந்தது. மணி அடிக்காத நேரத்திலும் அவர் காதில் மணி அடித்தது. கிளினிக்கில் ஒருநாள் களைப்பில் ஒரு நோயாளியிடம், "வாயை மூடுங்க," என்றார். நோயாளி பெரிதாகத் திறந்தார். நோயாளியும் அதே கட்டிடத்துக்காரர்தான்.

"பழைய மாதிரியே இருந்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி. "தப்புன்னாலும் நமக்குத் தெரிஞ்ச தப்பு."

டாக்டர் ராஜினாமாவை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். எழுதி யாரிடம் கொடுப்பது? செயலாளரிடம்தான் கொடுக்க வேண்டும்.

அந்த வாரம்தான் அது நடந்தது.

மனைவி புதிதாக ஒரு பூந்தொட்டி கேட்டிருந்தாள். மண்ணும் செடியுமாகச் சரியான கனம். அதை வாங்கிச் சுமந்துகொண்டு டாக்டர் கேட்டுக்குள் நுழைந்தார். படி ஏறினால் இடுப்பு போய்விடும் என்று தோன்றியது. என்றுமில்லாமல் லிஃப்டை நோக்கித் திரும்பினார். உள்ளே கதவடைச்சான் தனியாக நின்றிருந்தார்.

இருவர் கண்களும் சந்தித்தன. டாக்டர் தொட்டியோடு ஓட முயன்றார். முடியவில்லை. ஐந்தாம் மாடிக்காரரின் விரல் பட்டனுக்குப் போனது. சரி, அவ்வளவுதான், வழக்கம்போல மூடப்போகிறார் என்று டாக்டர் நின்றுவிட்டார்.

மூடிக்கொண்டிருந்த கதவு திறந்தது.

ஐந்தாம் மாடிக்காரர் மறுபடி அமுக்கினார். கதவு திறந்தபடியே நின்றது. மறுபடி, மறுபடி, படபடவென்று அமுக்கினார். நெற்றியில் வேர்வை. கதவு ஆடாமல் அசையாமல் அகலத் திறந்து, வா வா என்று கூப்பிடுவதுபோல் நின்றது. டாக்டர் உள்ளே போய்த் தொட்டியை இறக்கிவைத்தார். அப்போதுதான் அந்த விரலைப் பார்த்தார். அது இன்னும் இடது பக்கப் பட்டன் மேலேயே இருந்தது. 'திற' என்ற எழுத்தின் மேல்.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க," என்றார் டாக்டர்.

ஐந்தாம் மாடிக்காரரின் உதடு துடித்தது. ஒன்றும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை காலமாக ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாததால், பாவம், பதில் சொல்லவே மறந்துவிட்டது என்று டாக்டருக்குத் தோன்றியது. முதல் மாடி வரைக்கும் இருவரும் பேசவில்லை. அவ்வளவு அருமையான மௌனத்தில் டாக்டர் நெடுநாளாக இருந்ததில்லை. முதல் மாடி இன்னும் கொஞ்சம் மேலே இருந்திருக்கலாம் என்று நினைத்தார்.

வீட்டுக்குள் வந்து தொட்டியை வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சுங்க?"

"அந்த மனுஷன் என்னிக்குமே கதவை மூடலை."

"யாரு?"

"கதவடைச்சான். அவர் எப்பவுமே 'திற'ன்னு எழுதியிருக்கிற பட்டனைத்தான் அமுக்கியிருக்கார். நமக்கெல்லாம் திறந்து வைக்கணும்னுதான். லிஃப்டுதான் மூடியிருக்கு. இன்னிக்கு லிஃப்ட் சரியா இருந்துது, திறந்துது. அவர் மாறலை. அவர் பாட்டுக்கு ஒரே பட்டனைத்தான் அமுக்கிட்டிருக்கார்."

மனைவி கையிலிருந்த தண்ணீர்க் குவளையோடு நின்றுவிட்டாள்.

"அப்ப, அன்னிக்கு என் செடி…"

"உன் செடிக்காகத்தான் அமுக்கியிருக்கார். நீ கத்துனதும் இன்னும் வேகமா அமுக்கியிருப்பார்."

"அய்யோ," என்றாள் மனைவி. "ஆமாங்க. வேகமாத்தான் அமுக்கினார். நான் பாத்தேனே."

ஆண்டுக் கூட்டம் கீழே வண்டிகள் நிறுத்துமிடத்தில் நடந்தது. வக்கீல் முதலில் எழுந்தார். விரலில் இன்னும் கட்டு இருந்தது.

"நான் கேக்கறது ஒண்ணுதான். பழைய வயரைத் திரும்ப மாத்திக் கொடுங்க. தப்பா இருக்கட்டும். நமக்குப் பழகின தப்பு. பழகாத சரியை வெச்சுக்கிட்டு நான் எத்தனை விரலைத்தான் கொடுக்கறது?"

பலர் கை தட்டினார்கள். அவரோடு பேச்சில்லாத டீச்சர்கூட, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தட்டினார்.

அப்போது டாக்டர் எழுந்தார். கூட்டம் ஆச்சரியத்தில் அடங்கியது. அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

"நமக்கு இன்னும் கொஞ்ச நாள்ல இதுவும் பழகிடும்," என்றார். "உள்ள இருக்கறவங்களுக்கு எதுவும் பழகும். புதுசா வர்றவங்களுக்குத்தான் பட்டன்ல எழுதியிருக்கிறது நடக்கணும். நடக்கலைன்னா என்ன ஆகும்னு நமக்குத் தெரியல. ஏன்னா, ஆனது நமக்கு இல்ல."

பிறகு பூந்தொட்டிக் கதையைச் சொன்னார். இடது பக்கப் பட்டன் மேலிருந்த விரலைச் சொன்னார். வேர்வையைச் சொன்னார், துடித்த உதட்டையும் சொன்னார்.

"மாத்தி அமுக்கணும்னு நம்மள்ல யாராவது அவர்கிட்ட சொன்னோமா?"

வக்கீல் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வக்கீலைப் பார்த்தார். ஒவ்வொருவரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டார்கள். வாட்ச்மேனைக் கேட்கலாம் என்றால் அவர் கேட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"பேரு வேற வெச்சேனே நான்," என்றார் வக்கீல் தாழ்ந்த குரலில்.

"ஒரு நல்லது கெட்டதுக்குக்கூட அவர் வீட்டு வாசலை நாம மிதிக்கலை," என்றார் டீச்சர். வக்கீலிடம் நேராகப் பேசிவிட்டோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுக்குப் பரிகாரமா நாம ஏதாவது பண்ணியே ஆகணும் சார். அவரையே செக்ரட்டரியாப் போட்டா என்ன?"

"நான் வழிமொழியறேன்!" என்று வக்கீல் துள்ளி எழுந்தார். "இனிமே எந்தக் கஷ்டம்னாலும் நேரா அவர்கிட்டதான் போகணும். காலையில மாலையில நாலு பேரு அவர் வீட்டுக்குப் போய் உக்காந்து பேசணும். இந்த மனுஷனை இனி ஒரு நிமிஷம் தனியா விடக் கூடாது."

கைதட்டல் கட்டிடத்தையே ஆட்டியது. லிஃப்ட் புது வயரோடே இருக்கட்டும் என்று ஒருமனதாக முடிவாயிற்று. டாக்டர் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடுமோ என்று பயந்து இறுக்கி மூடிக்கொண்டார். உள்ளே ஏதோ ஒன்று சாய்வு நாற்காலியில் காலை நீட்டியது. "அப்பாடா" என்பதில் "பாடா" மட்டும்தான் பாக்கி.

நல்ல சேதியைச் சொல்லிவிட்டு வர அவரையே அனுப்பினார்கள். அவர் லிஃப்டில் ஏறி, 'மூடு' என்பதை அமுக்கி மூடிக்கொண்டு, ஐந்தாம் மாடிக்குப் போனார்.

அந்த வீட்டு மணியின் மேல் தூசி படிந்திருந்தது. அமுக்கியபோது முதலில் ஒரு கரகரப்பு வந்து, பிறகுதான் சத்தம் வந்தது. உள்ளேயிருந்து மெல்ல மெல்லக் காலடி. கதவைத் திறந்தது வயதான ஒரு பெண்மணி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாருங்க? மணிச் சத்தமா அது? நான் குக்கர் விசில்னு நெனச்சு அடுப்பை அணைச்சுட்டு வர்றேன்."

"முதல் மாடி பல் டாக்டர்ங்க. சார் இருக்காரா?"

"தம்பி வெளிய போயிருக்கான். நான் அவனுக்கு அக்கா. வாங்க, வாங்க, உக்காருங்க." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "முட்டி வலியில நான் வாசப்படி தாண்டறதில்ல. இந்த வீட்டுக்கு வந்த நாளா ஒரு மனுஷ முகம் பாக்கலை, டாக்டர். அவன்கிட்ட பேசலாம்னா, 'ம்'னு ஒரு சத்தம்தான் வரும். அதுக்கு மேல ஒண்ணும் வராது. சின்ன வயசிலேர்ந்தே அப்படி. நான் இந்த டேபிள் ஃபேனோடதான் பேசிட்டிருக்கேன். அதுவாவது தலையாட்டும்."

டாக்டர் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, நோயாளியிடம் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று சொல்கிறபோது வருகிற மென்மையான குரலில் பேசினார்.

"அம்மா, நாங்க உங்க தம்பிக்குப் பெரிய அநியாயம் பண்ணிட்டோம். இந்த லிஃப்டுல முன்னாடி 'திற'ன்னா மூடும், 'மூடு'ன்னா திறக்கும். மாத்தி அமுக்கணும்னு நாங்க யாருமே அவர்கிட்ட சொல்லலை. அது தெரியாம அவர் எங்களுக்காகத் திறக்கப்போய்…"

"சொல்லாம என்ன டாக்டர்? சாமான் இறக்கின அன்னிக்கே வாட்ச்மேன் எங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டாரே, மாத்தி அமுக்கணும்னு," என்று சிரித்தார் அக்கா. "அதனாலதானே இவன் இத்தனை வருஷமா மாத்தாமலே அமுக்கினான்!"